ஆறு பேர் பார்த்த பள்ளம்

பெண்களின் தொடையில் இருக்கும் மேடுபள்ளத்துக்கு எண் போடுவதுதான் இனி என் வேலை என்று நீங்கள் வீட்டில் சொன்னபோது யாராவது சிரித்திருப்பார்கள். என் கணவரும் சிரித்தார். இருதயம் பார்க்கிற டொக்டர் இருக்கிறார், மூளை பார்க்கிற டொக்டர் இருக்கிறார், நீ ஒரு மனுசியின் பின்னால் நின்று ஒன்றா இரண்டா என்று சொல்லப்போகிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு சொல்ல நிறைய இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக அதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அந்த மேடுபள்ளத்துக்குச் செல்லுலைட் என்று பெயர். அது நோயில்லை. தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு மேலே தள்ளுகிறது, நார்கள் தோலைக் கீழே இழுக்கின்றன, இழுபட்ட இடம் பள்ளமாகிறது. தொடையின் பின்புறமும் பிட்டமும்தான் அதற்குப் பிடித்த இடங்கள். வளர்ந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு அது உண்டு. அதனால் ஒருவரும் சாவதில்லை. ஆனால் அதைப் போக்குவதாகச் சொல்லி விற்கிற களிம்புக்கும் கருவிக்கும் முடிவே இல்லை. குறைந்துவிட்டது என்று விற்றவர் சொல்வார். குறையவில்லை என்று வாங்கியவள் சொல்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் வைப்பதற்குப் பொதுவான ஒரு அளவுகோல் இல்லை என்றால் யார் சொல்வது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

அந்த அளவுகோலைச் செய்து தரும்படிதான் ஒரு மருந்து நிறுவனம் எங்களிடம் வந்தது. அவர்களிடம் புதிதாக ஓர் ஊசிமருந்து இருந்தது. அதைச் சோதிப்பதற்கு முன்னால், எதை வைத்துச் சோதிப்பது என்று முடிவாக வேண்டும். சிட்னியின் வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்த வீதியில் இருந்த சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் நான் அப்போது மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மதிப்பீட்டாளர் என்றால் தன் கண்ணால் பார்த்து எண் போடுகிற தோல் மருத்துவர். ஆறு பேர் இருந்தார்கள்.

நாங்கள் பூச்சியத்திலிருந்து நான்கு வரை ஐந்து நிலைகள் வகுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம், கீழே இரண்டு வரி விளக்கம். பள்ளமே இல்லாதது பூச்சியம். சில மேலோட்டமான பள்ளங்கள் என்றால் ஒன்று. இப்படியே போய், ஏராளமான ஆழ்ந்த பள்ளங்கள் என்றால் நான்கு. படங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பார்க்க அழகாகவே இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்று சீராக ஏறிப் போகும்.

ஓர் அளவுகோலை நம்பலாமா என்று அறிய இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒரே பெண்ணை ஆறு பேரும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே எண்ணைப் போடுவார்களா என்பது முதலாவது. அதே ஆள் அதே பெண்ணைச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், முன்பு போட்ட எண் நினைவில்லாதபோதும் அதையே மறுபடி போடுவாரா என்பது இரண்டாவது. நாங்கள் பெண்களை வரவழைத்து இரண்டு தடவை பார்த்தோம். வந்தவர்கள் எங்கள் அரைக்காற்சட்டையை மாற்றிக்கொண்டு, தரையில் இட்டிருந்த குறியில் பாதங்களை வைத்து, சுவரைப் பார்த்து நின்றார்கள். மருத்துவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், பேசாமல் பார்த்து, எண்ணை எழுதிவிட்டு வெளியே வந்தார்கள்.

முடிவு வந்தபோது எங்கள் முகம் வாடிவிட்டது. முதல் கேள்வியில் நாங்கள் தேறவில்லை. ஐந்து பேர் ஓரளவு ஒத்துப் போயிருந்தார்கள். ஆறாவது ஆள் தனியாக எங்கோ நின்றார். அவர்தான் ரேச்சல்.

ரேச்சல் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண். ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு. குறைவாகப் பேசுவார். மற்றவர்கள் ஒன்று போட்ட இடத்தில் மூன்று போட்டிருந்தார். வேறு சில இடங்களில் அவர்கள் மூன்று போட, இவர் இரண்டோடு நிறுத்தியிருந்தார்.

நிறுவனத்தின் திட்ட மேலாளர் மெல்பேர்னிலிருந்து விமானத்தில் வந்தார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதையான மனிதர், எல்லோருக்கும் தானே தேநீர் ஊற்றிக் கொடுப்பார். மேலிடம் அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. ஊசிமருந்துச் சோதனை தொடங்கும் நாள் குறித்தாகிவிட்டது. அவர் திரையில் ஆறு பேரின் எண்களையும் போட்டுக் காட்டினார். பிறகு ரேச்சலின் வரிசையை மட்டும் எடுத்துவிட்டுக் காட்டினார். மீதி ஐந்து பேரின் எண்களும் கச்சிதமாகச் சேர்ந்துகொண்டன. ஒருவர் மட்டும் பயிற்சியைச் சரியாக உள்வாங்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், ஐந்து பேரை வைத்து மேலே போகலாம் என்றார்.

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கையெழுத்துப் போட்டால் ரேச்சலை இனி எந்த ஆய்விலும் யாரும் மதிப்பீட்டாளராக எடுக்க மாட்டார்கள். போடாவிட்டால் முழு வேலையும் நின்றுவிடும், எங்கள் நிலையத்தில் சிலருக்கு வேலையும் போய்விடும். அறையில் எல்லோரும் என் பேனாவைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் புள்ளியியலாளர் ஒரு மூலையில் இருந்தார். தன் பெயரை எங்கும் எழுதாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர், ஆகவே எழுதவில்லை. அவர் எழுந்து வந்து, இரண்டாவது கேள்விக்கான பதிலை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. முதல் கேள்வியிலேயே விழுந்துவிட்டதால் இரண்டாவதை யாரும் திறக்கவில்லை. அவர் திறந்து காட்டினார். ஐந்து பேரும் இரண்டாம் முறை பார்த்தபோது தங்கள் எண்ணிலேயே அங்குமிங்கும் தடுமாறியிருந்தார்கள். ரேச்சல் தடுமாறவில்லை. கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் முன்பு போட்ட அதே எண்ணையே திரும்பப் போட்டிருந்தார்.

எந்தப் பெண்ணுக்கு என்ன போட்டோம் என்று நினைவு வைத்திருக்க வழியே இல்லை. வரிசையையும் மாற்றியிருந்தோம். அந்தக் கண் மட்டும் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் போய் நின்றிருக்கிறது.

கவனமில்லாதவர் அலைவார், இவர் அலையவில்லை என்றார் புள்ளியியலாளர். ஒன்று, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பிழை விடுகிறார். அல்லது மற்றவர்கள் பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்க்கிறார். எது என்று எண்களால் சொல்ல முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும் என்றார்.

நான் பேனாவை மூடி வைத்தேன். ஒரு சிறு அவகாசம் கேட்டேன். மேலாளர் பெருமூச்சு விட்டார், ஆனாலும் கொடுத்தார்.

ரேச்சலை ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேசனுக்கு வெளியே ஒரு கடையில் சந்தித்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, என்னை எடுத்துடணும்னா எடுத்துடுங்க. நான் போயிடறேன். ஆனா பார்த்ததைப் பார்க்கலன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். சொல்ல வரவில்லை. மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படித்தான் நானும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். அது எனக்குப் பெரிய பதிலாகப் பட்டது. ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்பது அவருக்கே தெரியாது. நமக்கும் தெரியாது. ஆறு பேரையும் ஒரே அறையில் நிறுத்தி, பார்க்கும்போது வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அன்று போடும் எண்கள் ஆய்வில் சேராது. காரணம் அறிவதற்காக மட்டுமே.

அதற்கு ஒரு பெண் வேண்டும். ஐந்து பேர் ஒன்று என்றும் ரேச்சல் மூன்று என்றும் சொன்ன ஒருவரைக் கூப்பிட்டேன். சுகந்தி. வன்னியிலிருந்து வந்தவர், பல வருடம் விசாவுக்குக் காத்திருந்தவர், இப்போது சிட்னியில் பஸ் ஓட்டுகிறார். ஆறு மருத்துவர்கள் ஒன்றாக நின்று பேசுவார்கள், நீங்கள் நடுவில் நிற்க வேண்டும், விருப்பமில்லாவிட்டால் தயங்காமல் மறுக்கலாம் என்று தொலைபேசியில் விளக்கினேன்.

"டொக்டர், ஆறு பேர் பாத்தும் முடிவு தெரியேல்லையெண்டால் அதில ஏதோ இருக்கு. நான் வாறன்" என்றார்.

தன் ஓய்வு நாளில் வந்தார். உடை மாற்றிக்கொண்டு வந்து குறியில் பாதத்தை வைத்துச் சுவரைப் பார்த்து நின்றார். ஆறு மருத்துவர்கள், நான், புள்ளியியலாளர். புள்ளியியலாளரும் பெண்தான்; மேலாளர் ஆணென்பதால் பக்கத்து அறையில் இருந்தார். மதிப்பீட்டாளர்களில் ஒரேயோர் ஆண் உண்டு, எல்லோரிலும் மூத்தவர், நல்ல உயரம். அவர் இருக்கலாமா என்று சுகந்தியிடம் கேட்டேன். அவரும் முன்பு பார்த்தவர்தானே, இருக்கட்டும் என்றார்.

ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார்கள். முதலாமவர் தன் கண் இடமிருந்து வலமாகப் போகிறது, பள்ளங்களை எண்ணுகிறது என்றார். இரண்டாமவரும் எண்ணினார். மூத்த மருத்துவர் சொன்னார்: மூன்றே மூன்றுதான் இருக்கிறது, சில என்றால் முதல் நிலை, ஆகவே ஒன்று. அடுத்த இருவரும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

ரேச்சல் முறை வந்தது. மூலையில் கிடந்த குட்டைக் கதிரையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். எப்போதும் அப்படித்தான் உட்கார்ந்து பார்ப்பாராம். தனியாகப் பார்த்த நாட்களில் அது யாருக்கும் தெரியவில்லை. பேச ஆரம்பித்தார். முதலில் தமிழில் என்னிடம்தான் வந்தது.

"அக்கா, நான் எண்ணவே இல்லை. நிழலைத்தான் பார்க்கிறேன். நிழலோட ஓரம் மங்கலா இருந்தா மேலோட்டம். இங்க பாருங்க, ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கு. இது ஆழம்."

ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கும் சொன்னார். பிறகு எழுந்து, எனக்குக் கதிரையை விட்டார். நான் உட்கார்ந்தேன்.

எத்தனையோ ஆயிரம் தொடைகளைப் பார்த்த கண் என்னுடையது. நின்றபடி பார்த்தபோது அங்கே மூன்று சாதாரணக் குழிகள் இருந்தன. உட்கார்ந்து பார்த்தபோது அவை கிணறுகள் போல் இறங்கின. விளக்கு அதேதான், தோல் அதேதான், சுகந்தி அசையவும் இல்லை. என் தலை மட்டும்தான் ஒரு முழம் கீழே போயிருந்தது. மூத்த மருத்துவர் என் அருகில் வந்து, அந்த வயதில், தரையில் முழங்காலை ஊன்றிப் பார்த்தார். பிறகு மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள்.

எங்கள் படங்களில் இருந்த குறை அப்போதுதான் விளங்கியது. ஐந்து படங்களிலும் எண்ணிக்கை கூடக் கூட ஆழமும் கூடியது. இரண்டும் சேர்ந்துதான் ஏறும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். உடம்பு அப்படி எங்களிடம் வாக்குக் கொடுக்கவில்லை. கொஞ்சமாக, ஆனால் ஆழமாகவும் இருக்கும். நிறைய, ஆனால் மேலோட்டமாகவும் இருக்கும். ஐந்து பேர் ஒன்றை அளந்தார்கள், ரேச்சல் இன்னொன்றை அளந்தார், இரண்டுக்கும் நாங்கள் ஒரே பெயர் வைத்திருந்தோம்.

புள்ளியியலாளர் அங்கேயே நின்று விளக்க வரிகளை மாற்றி எழுதத் தொடங்கினார். எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும், ஒரே தூரத்திலிருந்து, ஒரே உயரத்திலிருந்து. முதலில் ஆழம், பிறகு எண்ணிக்கை. நாங்கள் அந்தப் பேச்சில் மூழ்கிப் போனோம். சுகந்தி சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"டொக்டர், நீங்கள் எல்லாரும் பாத்திட்டியள். நானும் ஒருக்காப் பாக்கலாமோ?"

அவர் என்ன கேட்கிறார் என்று புரிய எனக்கு நேரமெடுத்தது. பார்த்ததில்லையா என்று கேட்டேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால் இடுப்பும் சேர்ந்து திரும்பிவிடும், ஒழுங்காகத் தெரியாது, தெரிந்ததே போதும் என்று விட்டுவிட்டேன் என்றார். பெண்கள் தங்களுக்குத் தாங்களே எண் போடுவதற்கும் ஒரு அளவுகோல் தயாரித்துக்கொண்டிருந்தோம். அதில் அவர் நான்கு போட்டிருந்தார். மகள் நீச்சல் பழகப் போகும்போது கரையிலேயே நீள உடுப்போடு இருந்துவிடுவாராம்.

முதல் தடவை வந்தபோது எடுத்த அவருடைய பின்புறப் புகைப்படம் எங்களிடம் இருந்தது. காட்டலாமா என்று மேலாளரிடம் கேட்கப் போனேன். காட்டினால் அவருடைய பதில் மாறிவிடுமே, சேகரித்த பதில்களெல்லாம் கெட்டுவிடுமே என்று தயங்கினார். தவறான தயக்கம் இல்லை, அது அவர் வேலை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பார்த்தால் பதில் மாறும் என்றால், பார்க்காமல் சொன்ன பதில் எதைப் பற்றியது? பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்து, திரையை சுகந்தியின் பக்கம் திருப்பினேன்.

முதலில் சிரித்தார். இது நான்தானா என்று கேட்டார். பிறகு கிட்டப் போய், வெகுநேரம் பார்த்தார்.

"பள்ளந்தான். இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனால் நான் நினைச்ச பள்ளம் இதில்லை" என்றார்.

இப்போது எண் போடச் சொன்னால் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். எங்கள் ஐந்து படங்களையும் தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மூன்று என்றார். ரேச்சல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. படங்களை மாற்றினோம், வார்த்தைகளை மாற்றினோம். வேறு பெண்களை வரவழைத்து முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்தோம். மேலாளர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார், ஆனாலும் எங்களை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த முறை எண்களைத் திறந்தபோது புள்ளியியலாளர் வழக்கம்போல் விளக்கம் சொல்லவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாத ஆறு பேர், ஒரு பெண்ணுக்குப் பின்னால் தனித்தனியாகப் போய் உட்கார்ந்து, ஒரே எண்ணை எழுதிவிட்டு வந்திருந்தார்கள். அடுத்த பெண்ணுக்கும் அப்படியே. நூறு பேர் பார்த்தாலும் ஒரே நிலவுதான் என்று அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு பேரின் கண்கள் உண்மையில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்தவள் சொல்கிறேன்.

பின்னாளில் ஊசிமருந்துச் சோதனை முடிந்ததும் மேலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த மருந்து பள்ளங்களின் எண்ணிக்கையை அவ்வளவாகக் குறைக்கவில்லை, ஆழத்தைத்தான் குறைத்திருக்கிறது என்றார். முதல் அளவுகோலோடு, அந்த ஐந்து பேரோடு போயிருந்தால் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்றுதான் முடிவு வந்திருக்கும். அவர் எடுத்துவிடச் சொன்ன வரிசையில்தான் அவருடைய மருந்தே இருந்திருக்கிறது.

ஒத்துப் போகாதவரை நீக்குவது சுலபம், நீக்கினால் எண்களும் அழகாகிவிடும். அந்த இடத்தில் உங்கள் பேனாவை மூடி வையுங்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் இருக்கும் உயரத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். அவர் பிழையாகவும் இருக்கலாம். பார்த்த பிறகு அதைச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சுகந்தியால், பெண்கள் தங்களுக்கு எண் போடும் அளவுகோலில் ஒரு விதி சேர்ந்தது. முதலில் அவரவர் புகைப்படத்தை அவரவருக்குக் காட்ட வேண்டும். அந்தச் சோதனை நடந்த நாள் முழுக்க நான் அந்த அறையில் இருந்தேன். ஒவ்வொருத்தியாக வந்து, தன் உடம்பின் பின்புறத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள். இத்தனை வருடம் தன்னோடு நடந்து வந்த ஒன்றை. ஒருத்தி இவ்வளவுதானா என்றாள். ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒருத்தி நாட்டியம் பழகிய என் கால் என்று பெருமைப்பட்டாள்.

மாலையில் வந்தவர் அறுபது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. திரையைத் திருப்பினேன். அவர் பார்த்தார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். எண்ணைக் கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன்.

இவை என் அம்மாவின் கால்கள் என்றார் ஆங்கிலத்தில். சின்ன வயதில் அம்மா கடலுக்குள் இறங்கும்போது பின்னாலேயே போவேன், இப்படித்தான் இருக்கும். அம்மா போய் எவ்வளவோ காலம், அவள் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது என்றார்.

வெளியே அடுத்தவர் காத்திருந்தார். உதவியாளர் கதவைத் தட்டினார். நான் கதவுக்குப் போய், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரையை அணைக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நான் மறுபடி கேட்காமலேயே, எங்கள் ஐந்து படங்களையும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்து மூன்று என்று எழுதினார். ஆறு மருத்துவர்களும் அவருக்கு மூன்றுதான் போட்டிருந்தார்கள்.